செவ்வாய்க்கிழமை வாப்பா

நஸீமுக்குக் கோபம் வருவது புதினமில்லை. தேநீர் ஆறிவிட்டால் கோபம். சூடாக இருந்தால் நாக்குச் சுட்டது என்று கோபம். மடவளைக் கடைத்தெருவில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற மனிதர். வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் அவருடைய முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சரியில்லை என்றால் பூட்டு இல்லாமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை பின்னேரம் மகள் றிப்தா நீட்டிய கடிதத்தை வாசித்தபோது வந்த கோபம் வேறு ரகம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நஸீம் கடிகாரத்தைக் கழற்றினால் வீட்டுப் பூனைகூட எழும்பிப் போய்விடும். றிப்தா பூனைக்கு முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடிதம் பாடசாலையிலிருந்து வந்திருந்தது. பிள்ளைகளின் கல்வியில் தந்தையரின் பங்களிப்பு குறைவாக இருப்பதால், எதிர்வரும் செவ்வாய்க்கிழமை முதல், மாதத்தில் ஒரு செவ்வாய், ஒவ்வொரு தந்தையும் காலை ஏழரை மணிக்கு வந்து தம் பிள்ளையின் வகுப்பில் பின் வரிசை வாங்கில் அமர்ந்து, இடைவேளை வரை பாடங்களை அவதானிக்க வேண்டும். தந்தைக்குப் பதிலாகத் தாய் வருவது ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.

கடைசி வரியை நஸீம் மூன்று தரம் வாசித்தார். அவருக்கிருந்த ஒரே வழியை அந்த வரிதான் அடைத்திருந்தது.

"ஸுலைஹா! இது எந்தப் பைத்தியக்காரன்ட வேல?"

ஸுலைஹா சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எது?"

"நான் ஸ்கூலுக்குப் பெய்த்து வாங்குல குந்தணுமாம். புள்ளையளோட புள்ளையா."

"குந்துங்களே. கடையிலயும் குந்தித்தானே ஈக்கிறீங்க."

"கடைல குந்துறது தொழில்!"

"செவ்வாய்க்கிழம கட பூட்டுத்தானே?"

"செவ்வாய்க்கிழம நான் சரக்கெடுக்கக் கண்டிக்குப் போறது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. நல்லாத் தெரியும்."

அந்த 'நல்லா'வில் என்ன இருந்தது என்று நஸீம் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்குக் கோபம் இடம் விடவில்லை. உண்மையைச் சொன்னால், சரக்கு எடுக்க அரை மணித்தியாலம் போதும். மிச்ச நேரம் முழுக்க குட்ஷெட் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. மூன்று கூட்டாளிமார். ஒரு தட்டு மீன் பணிஸ். நாட்டை யார் எப்படி ஆள வேண்டும் என்பதை அந்த நால்வரும் வாராவாரம் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடிவுசெய்துவிடுவார்கள். கிழமையில் அந்த ஒரு காலைதான் நஸீமை யாரும் எதுவும் கேட்காத காலை. அதையும் பிடுங்கப் பார்க்கிறார்களே என்று அவருக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

"நாளைக்கே ஸ்கூலுக்குப் போறேன்," என்றார். "இத யோசிச்சவன் யாரெண்டு கேப்பேன். அவன முன்னுக்குக் கூப்பிட்டு நாலு வார்த்த கேப்பேன். செவ்வாய்க்கிழம வாறதுக்கிடையில இந்தச் சட்டம் இல்லாமப் போகும். நான் பின்வாங்குற ஆளில்ல. பின் வாங்குல குந்துற ஆளுமில்ல!"

"போங்க போங்க," என்றாள் ஸுலைஹா. "ஸ்கூலுக்கு வழி தெரியுமா? இல்லாட்டி றிப்தாவ அனுப்பவா?"

வழி தெரிந்திருந்தது. றிப்தாவை ஆறாம் வகுப்பில் சேர்க்க ஒரு தரம் போயிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் படலையைத் தாண்டியதில்லை. தாண்டாமல் இருக்க அன்றைக்கே ஒரு வேலையும் செய்திருந்தார். சேர்க்கும் படிவத்தில் 'தந்தையின் தொலைபேசி இலக்கம்' என்ற இடத்தில், தான் பாவிக்காமல் விட்ட பழைய சிம்மின் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். பாடசாலை கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும், அலுமாரிக்குள் கிடக்கிற சிம்மா எழும்பி வந்து பதில் சொல்லப் போகிறது? தன்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து அன்று இரண்டு பணிஸ் கூடுதலாகச் சாப்பிட்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாடசாலை அதிபரின் அறைக்குள் நஸீம் நுழைந்தபோது, பேச வேண்டிய பேச்சு நாக்கு நுனியில் நின்றது. 'நீங்க ஸ்கூல் நடத்துறீங்களா, ஜெயில் நடத்துறீங்களா' என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

"நான் நஸீம். எட்—"

அவ்வளவுதான். அதிபர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வந்து இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நஸீம் நானாவா! மாஷா அல்லாஹ்! ரெண்டு வருஷத்துக்குப் பொறகு நேர்ல காணக் கெடச்சீக்கி!" பிறகு வாசல் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "நிலூஷா டீச்சர்! ஓடி வாங்க! நஸீம் நானா வந்தீக்கார்!"

நிலூஷா டீச்சர் றிப்தாவின் வகுப்பாசிரியை. பன்விலயிலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருகிறவர். கையில் சோக்கட்டித் தூளோடு ஓடி வந்தார்.

"வாங்க சார், உக்காருங்க! ஒரே நாள்ல ரெண்டு டெஸ்ட் வைக்காதீங்கனு நீங்க சொன்ன பெறகுதான் புள்ளைங்க நிம்மதியா இருக்காங்க. கண்ணு சரியாத் தெரியாத புள்ளைங்களக் கண்டுபிடிக்க போர்ட்ல எழுதி வாசிக்கச் சொல்லுங்கனு சொன்னீங்களே, நம்ம வகுப்புல மட்டும் நாலு பேரக் கண்டுபிடிச்சோம் சார்!"

நஸீம் உட்கார்ந்தார். கோபம் நின்றுகொண்டேயிருந்தது.

"நான் வந்தது இந்த வாங்கு விஷயமா," என்றார் முறைப்பாக. "இந்த யோசன யாருட?"

அதிபர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நானா நேர்லயும் பகிடிதான்!" என்று தன் போனை எடுத்து நீட்டினார். வாப்பாமாருக்கென்று பாடசாலை வைத்திருக்கிற வட்ஸ்அப் குரூப். உம்மாமாருக்கு வேறு குரூப். ஆணும் பெண்ணும் ஒரு குரூப்பில் இருப்பது சரியில்லை என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார்கள். வாப்பாமார் குரூப்பில், நஸீம் என்ற பெயரின் கீழே, இப்படி எழுதியிருந்தது:

'மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு. நம் பிள்ளைகளின் பாடசாலைக்குத் தாய்மார் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தந்தைமாராகிய எங்கள் பெயர் படிவத்தில் மட்டுமே இருக்கிறது. மாதம் ஒரு நாளாவது எங்களைக் கூப்பிட்டு வகுப்பில் உட்கார வையுங்கள். பதிலுக்கு மனைவிமாரை அனுப்பப் பார்ப்போம், ஏற்றுக்கொள்ளாதீர்கள். நாளைச் செவ்வாய்க்கிழமையாக வைத்தால் நல்லது. அன்று எங்களில் சிலர் சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, குட்ஷெட் தேநீர்க் கடையில் பன்னிரண்டு மணி வரை மீன் பணிஸ் தின்றுகொண்டிருக்கிறோம்.'

"இந்தக் கடைசி வரிக்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்ச," என்றார் அதிபர். "தன்னயே குற்றம் செல்லி எழுத எவ்ளோ பெரிய மனசு வேணும்!"

நஸீம் இலக்கத்தைப் பார்த்தார். அலுமாரிக்குள் கிடந்த சிம். ஸுலைஹா துணி அடுக்குகிற அலுமாரி.

பக்கத்து பேக்கரி ஹாஷிம் இரண்டு வருடமாகக் காண்கிற நேரமெல்லாம் 'நல்லா எழுதீக்கிறீங்க நானா' என்று சொல்வதன் அர்த்தமும் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. கடைக்கு முன்னால் தான் பெயின்டில் எழுதி மாட்டிய 'பேரம் பேச வேண்டாம்' பலகையைத்தான் மனிதன் பாராட்டுகிறான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

திட்ட வந்த வாய்க்குள் பிளேன்ரீயும் பிஸ்கட்டும் போயின. யாரைத் திட்டுவது? யோசித்தவனை முன்னுக்குக் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொன்னார். கூப்பிட்டால் அவரேதான் எழும்பி வர வேண்டும். அதிபர் தோளில் கை போட்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். போட்டோவில் நஸீமின் முகம் இஞ்சி தின்றவர் முகம் மாதிரி இருந்தது.

ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்த நஸீம் கடிகாரத்தைக் கழற்றவில்லை. கழற்றக்கூட நேரமில்லை.

"ரெண்டு வருஷமா! ஆம்புளயள்ட குரூப்புல! என்ட பேர்ல! ஒனக்கு வெக்கமில்லயா?"

ஸுலைஹா சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"உம்மாமார்ட குரூப்புல என்ன வாற தெரியுமா ஒங்களுக்கு? 'நாளைக்கு வெள்ளச் சப்பாத்து.' 'சாப்பாட்டுப் பெட்டில பேர் எழுதுங்க.' அவ்ளோதான். பாடம், டெஸ்ட், டீச்சர்மார், முடிவெடுக்கிறது முழுக்க வாப்பாமார்ட குரூப்புல. அங்க எனக்கு இடமில்ல. ஒங்களுக்கு இடமீந்திச்சி, நீங்க ஈக்கல்ல. கதிர காலியா கெடந்திச்சி. நான் குந்தினேன்."

"என்னக் கேக்காமலா?"

"கேட்டேனே! ஆறாம் வகுப்புல இருந்து கேக்குறேன். புள்ளக்கி போர்ட் தெரியலயாம், பெய்த்து டீச்சரோட கதைங்கன்டு நாலு தரம் செல்லீக்கேன். 'சரக்கு வருது, சரக்கு வருது'ன்டீங்க. சரக்கு வந்திச்சி. நீங்க வரல்ல. மூணு மாசம் அந்தப் புள்ள பக்கத்துப் புள்ளட கொப்பியப் பாத்து எழுதீக்கி. நஸீம் ஒரு மெசேஜ் போட்டார், அடுத்த கிழமயே கண் சோதிச்சாங்க. ஒங்கட மகள் கண்ணாடி போட்டது ஒங்களுக்கு எப்ப தெரியும்? செல்லுங்க பாப்பம்!"

நஸீம் வாயைத் திறந்தார்.

"பெருநாளைக்கு!" ஸுலைஹாவின் குரல் உடைந்தது. கோபத்தில்தான் உடைந்தது. "போட்டோ எடுக்கக்கொள்ள! 'இது யாருட கண்ணாடி, கழட்டு'ன்டு புள்ளக்கி ஏசினீங்க!"

நஸீமுக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகவே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை. கோபப்பட்டுப் பழக்கம் இருந்தது. பழகினதையே எடுத்தார்.

"போனத் தா!"

ஸுலைஹா அலுமாரியைத் திறந்து, அந்த சிம் போட்ட பழைய போனை எடுத்து, சார்ஜரையும் சுற்றிச் சேர்த்தே கொடுத்தாள்.

"இந்தாங்க. இனி நீங்களே நஸீமா ஈந்துகொள்ளுங்க. ஏலுமான்டு பாப்பம்."

இவ்வளவு இலேசாகக் கொடுத்துவிட்டாளே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை என்று முன்பே சொன்னேன். அது அவருக்கு ஒரு நாளில் வந்த குறையில்லை.

சனிக்கிழமை காலை கடையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், வேர்க்க வேர்க்கத் தட்டினார்: 'வாங்கு விசயம் எனக்கு சரிவராது. முதல் சொன்னது எல்லாம் வாபஸ். வாப்பாமாருக்கு தொழில் ஈக்கி. படிச்சி குடுக்க உங்களுக்கு சம்பளம் தாறது. எங்கள கூப்புட வாணாம்.' அனுப்பிவிட்டு மேசையில் ஒரு குத்துக் குத்தினார். ஆணிப் பெட்டி துள்ளியது. இரண்டு வருடத்துக்குப் பிறகு சொந்த வாயால் பேசிய சுகம் அவருக்கு.

அந்தச் சுகம் ஒரு நிமிடம் நீடித்தது.

'அஸ்தக்ஃபிருல்லாஹ்! இது நஸீம் நானா இல்லை' என்று முதலில் ஒருவர் போட்டார். 'நானா இப்படிக் கதைக்க மாட்டார்' என்று இன்னொருவர். 'நானாவின் எழுத்தில் ஒரு பிழை இருக்காது. இதில் பாருங்கள்.' 'போன் களவு போயிருக்கிறது. உடனே தூக்குங்கள்.' அதிபர் தூக்கினார். திரையில் ஒரு வரி வந்தது: நீங்கள் இக்குழுவிலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள்.

கடிதத்தின் அடியில் நிலூஷா டீச்சரின் இலக்கம் இருந்தது. நஸீம் தன்னுடைய உண்மையான போனிலிருந்து அழைப்பெடுத்தார்.

"டீச்சர், நான் நஸீம் பேசுறேன். எழுதினது நான்தான். களவெல்லாம் ஒண்டும் போகல்ல."

"இது சார் நம்பர் இல்லையே."

"இதுதான் என்ட நம்பர்! அதுதான் என்ட நம்பர் இல்ல!"

டீச்சரின் குரலில் சந்தேகம் ஏறியது.

"சரி, ஒண்ணு கேக்குறேன். மக என்ன வகுப்பு?"

"எட்டு."

"எட்டுல எது?"

நஸீம் சுவரைப் பார்த்தார். சுவரில் பெயின்ட் கம்பனிக் கலண்டர்தான் இருந்தது. "...பி?"

"மகளோட நெருங்குன சிநேகிதி யாரு?"

"பக்கத்துல ஈக்கிற புள்ள."

"பேரு?"

"டீச்சர், எங்கட மகள் மிச்சம் கதைக்கிற இல்ல—"

"வகுப்புலயே வாயாடி அவதான்!" டீச்சரின் குரல் உயர்ந்தது. "எட்டு சி. சிநேகிதி பேரு நஸ்லியா. நஸீம் சாருக்கு இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். ஒருத்தரோட போனத் திருடலாம், பேரத் திருடலாம். அப்பாவாக முடியாது. இன்னொரு தடவ எடுத்தீங்கன்னா போலீசுக்குப் போவேன்!"

போன் வெட்டுப்பட்டது. நஸீம் கடையின் தட்டுகளைச் சுற்றிப் பார்த்தார். ஆணி, பூட்டு, பெயின்ட் எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பார். மகள் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. இந்தத் தரம் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்றுதான் விளங்கவில்லை.

அதற்குள் ஹாஷிம் மாப் படிந்த கையோடு ஓடி வந்துவிட்டார்.

"நானா! ஒங்கட போன் களவு பெய்த்து! எந்த நாயோ ஒங்கட பேர்ல கண்டதயும் எழுதீக்கி!"

பழைய போன் நஸீமின் சாரன் மடிப்பில் இருந்தது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இரண்டு வருடமாக ஆம்பிளைகளுக்குப் புத்தி சொன்னது யார் என்பதையும் சொல்ல வேண்டும். மடவளை முழுக்க, பள்ளிவாசல் முதல் பஸ் தரிப்பிடம் வரை, நஸீமுக்கு மூளை கொடுத்தது ஸுலைஹா என்று ஆகிவிடும்.

"ஓ," என்றார் நஸீம். "களவு பெய்த்து."

சாரனுக்குள் போன் அதிர்ந்தது. நஸீம் இருமினார்.

வீட்டுக்குப் போனபோது ஸுலைஹா யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஓ டீச்சர், களவுதான்... அவர் இஞ்சதான் ஈக்கிறார், மனசு சரியில்லாம ஈக்கிறார். புது நம்பர் ஒண்டு அனுப்புறேன், அதக் குரூப்புல போட்டுக்கொள்ளுங்க... செவ்வாய்க்கிழமயா? என்ன டீச்சர் கேக்குறீங்க! முதலாவது ஆளா வருவார்." நஸீம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். "டீச்சர், சந்தோஷத்துல கைய ஆட்டுறார்," என்றாள் ஸுலைஹா.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, எட்டு சி வகுப்பில், ஏழு வாப்பாமார் பின் வாங்கில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நஸீம், பக்கத்தில் ஹாஷிம். முழங்கால் மேசையில் இடித்தது. கோபம் தொண்டைவரை இருந்தது. நாலாவது வரிசையில் கண்ணாடியோடு றிப்தா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

கணக்குப் பாடத்தில் றிப்தா கை தூக்கினாள். கணக்குச் சேர் அதைக் கவனிக்கவில்லை. மறுபடி தூக்கினாள். சேர் முன் வரிசையையே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் தரமும் தூக்கிவிட்டு மெதுவாகக் கையை இறக்கினாள். மேசை சரிய எழும்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

"சேர்! அந்தப் புள்ள மூணு தரமா கை தூக்குது! ஒங்களுக்கும் கண்ணாடி வேணுமா?"

சேர் திடுக்கிட்டு றிப்தாவைப் பார்த்தார். அவள் முகம் சிவக்க எழும்பி விடையைச் சொன்னாள். சரியான விடை. நஸீமுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை; ஆனாலும் தானே செய்ததுபோல ஆறு வாப்பாமாரையும் ஒரு பார்வை பார்த்தார். வாழ்க்கையில் அவருடைய கோபம் ஒரு உருப்படியான வேலை செய்தது அன்றைக்குத்தான்.

இடைவேளைக்கு மணியடித்ததும் பிளேன்ரீக்கு முன் கை கழுவப் போனார். மனம் இலேசாகத்தான் இருந்தது. மாதத்தில் ஒரு நாள்தானே, போகட்டும். மிச்சச் செவ்வாய்களுக்கு குட்ஷெட் எங்கேயும் ஓடிப்போகாது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தார். ஆறு வாப்பாமாரும் ஆறு போனையும் கையில் வைத்துக்கொண்டு அவரையே முறைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் அதிபர், கண் கலங்கி, முகமெல்லாம் சிரிப்பாக.

"இது என்ன நானா?" என்று ஹாஷிம் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். "'இன்று மகளின் வகுப்பில் உட்காரக் கிடைத்தது பெரும் பாக்கியம். மாதம் ஒரு செவ்வாய் போதாது. எல்லாச் செவ்வாயும் வருவோம். நான் முதலாவதாகப் பெயர் கொடுக்கிறேன். இப்படிக்கு, நஸீம்.' கை கழுவப் போன இடத்துல நின்டா இத எழுதின?"

நஸீம் ஆறு முகத்தையும் பார்த்தார். அதிபரின் முகத்தைப் பார்த்தார். ஈரக் கையை மெதுவாகச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஓ," என்றார். "மனசுல பட்டிச்சி."